மஞ்சள் மட்டும் ஏறிய எண்ணெய்

தேங்காய் எண்ணெய்க்கு ஏது நிறம் என்று கேட்பவர்களோடு நான் நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தடவை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த அம்மா ஒருவர், "என்னம்மா வேலை பாக்குற?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "எண்ணெய்க்குக் கலர் பாக்குறேங்க" என்றேன். "எண்ணெயில என்னம்மா கலர், எண்ணெய் எண்ணெய்க் கலர்தான்" என்று சிரித்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பண்டாரவளையிலிருந்து பதுளை வரும் வழியெல்லாம் நான் அவரை விடவில்லை. பாவம், தான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போனார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது பதுளைக் கடைவீதியில் ஓர் எண்ணெய்க் கடையில். முன்னால் கடை, பின்னால் எண்ணெயைப் போத்தலில் அடைக்கும் அறை. அதற்கும் பின்னால், முன்பு காலிச் சாக்குகள் கிடந்த ஒரு சின்ன அறையில் நானும் என் பெட்டியும் இருக்கிறோம். கொழும்புப் பக்கம் ஒரு பெரிய எண்ணெய்த் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் சில வருஷம் இருந்துவிட்டு, அந்த வெக்கையும் வாடகை அறையும் பிடிக்காமல் ஊர்ப் பக்கம் திரும்பி வந்தவள் நான். அந்த நேரம் பார்த்துத்தான் சனங்கள் எண்ணெய் வாங்கும்போது "இதுல ஏதும் கலந்திருக்கா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் எங்கள் முதலாளிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. எங்கேயோ சொல்லிவைத்து, பழைய நிறம் பார்க்கும் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டார். பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் அதைப் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடினார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அந்தப் பெட்டியை முதல் தடவை திறந்தபோது எனக்குக் கை பரபரத்தது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு பல்பு. ஒரு பக்கத்தில் எண்ணெய் ஊற்றிய சதுரக் கண்ணாடிக் குப்பியை வைக்க வேண்டும். இன்னொரு பக்கத்தில் ஒரு வெள்ளைத் தகடு, அதன் முன்னால் நிறக் கண்ணாடித் துண்டுகளைச் செருகும் இடம். குழாயில் கண்ணை வைத்தால் ஒரு வட்டம் தெரியும், நடுவில் ஒரு கோடு. ஒரு பாதி எண்ணெயின் நிறம், மறு பாதி கண்ணாடியின் நிறம். சிவப்புக் கண்ணாடியையும் மஞ்சள் கண்ணாடியையும் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பாதியும் ஒரே நிறமாகும்போது நடுக்கோடு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்தக் கண்ணாடிகளில் எழுதியிருக்கும் எண்தான் எண்ணெயின் நிறம். எண் குறையக் குறைய எண்ணெய் நல்லது.

அந்தக் கோடு மறைகிற நொடிக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததே இல்லை. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஏறியிருந்தால் காயவைத்த தேங்காய், கொப்பறா, கருகியிருக்கிறது, இல்லையென்றால் புகை பட்டிருக்கிறது என்று பிழிந்தவருக்குப் போன் போட்டுச் சொல்லலாம். அவர்கள் முதலில் இல்லை என்பார்கள், பிறகு மெதுவாக ஆமாம் என்பார்கள். நேரில் போய்ப் பார்க்காமலே ஒருவருடைய அடுப்பில் நடந்ததைச் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய குஷி தெரியுமா? எனக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

நிறம் பார்க்கும்போது நான் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வேன். பளிச்சென்ற உடுப்பு போட்டால் கண்ணை ஏமாற்றும். முதலாளியம்மாவுக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே ஆகாது. "வயசுப் புள்ள, விடிஞ்சா பொழுதுபோனா சாம்பலக் கட்டிக்கிட்டு நிக்குதே" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அவர் பூவும் மஞ்சளும் குங்குமமுமாக இருப்பவர். காலையில் கடை திறக்கும்போது நிலைக்கதவுக்கும் தராசுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. என் பெட்டிக்கும் வைக்க வந்தார். வெளியே வையுங்கள், கண்ணாடியில் வேண்டாம் என்று கெஞ்சி, பின்பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

என் அக்கா கொஸ்லந்தவில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். மேட்டில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துபோயிற்று. ஒருநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் கூடி நின்று வேலை பிரித்து வாங்கும் இடத்தில், "நொண்டிக்கிட்டு வர்றதுக்கு லயத்து வீட்டுலயே கெடக்கலாமே" என்று கங்காணி சொல்லியிருக்கிறார். "சரி, கெடந்துட்டுப் போறேன். இனி நீங்களே கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, பேரை வெட்டச் சொல்லி வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் கோபம் எனக்கு மட்டும் இல்லை.

வந்தவள் ஒரு வாரம் வீறாப்பாக இருந்தாள். பிறகு போனில் குரல் இறங்க ஆரம்பித்தது. நான்தான் முதலாளியிடம் பேசினேன். கடைக்குப் பின்னால் எண்ணெய் பிழியும் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. மொனராகலையிலிருந்து கொப்பறா ஏற்றி வரும் எங்கள் லொறி கொஸ்லந்த வழியாகத்தான் மேலே ஏறும். கொப்பறாவை அங்கேயே இறக்கிப் பிழிந்தால் என்ன என்று கேட்டேன். முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"மொத கேன் வரட்டும் புள்ள. ஒன் பெட்டி சரின்னு சொன்னா மெஷின் அங்கேயே இருக்கட்டும். இல்லன்னா பண்டாரவளையில என் மச்சான் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவருக்குத்தான். சொந்தம்னு பாத்து நம்பர மாத்திச் சொல்லக்கூடாது."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. "மாத்திச் சொல்ற ஆளு வேணும்னா வேற ஆளப் பாத்துக்கங்க மொதலாளி" என்றேன். அவர் சிரித்துவிட்டு மெஷினை ஏற்றச் சொன்னார்.

அன்றைக்குக் கடை வாசலில் ஒரே கொண்டாட்டம். மெஷினோடு லொறியில் போக அக்காவும் வந்திருந்தாள். முதலாளியம்மா மெஷினுக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, லொறிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். எண்ணெய் வடிக்கக் கடையிலிருந்து ஒரு புதுத் துணியும் எடுத்துக் கொடுத்தார். புதுத் துணியை அப்படியே கொடுப்பாரா? மஞ்சளைக் குழைத்து மூலைக்கு மூலை வைத்து, மனசு நிறைந்து போய் நடுவிலும் ஒன்று வைத்து, "மகராசியா பொழைக்கட்டும்" என்று அக்கா கையில் கொடுத்தார். அக்கா அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் கேன் நிறைந்ததும் அக்கா அதிலிருந்து ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். தை மாதக் குளிர். ஹப்புத்தளையைத் தாண்டும்போதே எண்ணெய் உறைந்திருக்கும். கடைக்கு வந்து முந்தானைக்குள்ளிருந்து அவள் போத்தலை எடுத்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. கடைப் பையன்களும் வாடிக்கையாளர்களும் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். "பரவாயில்லையே தங்கச்சி, மல்லியப்பூவால்ல இருக்கு" என்றார் முதலாளி. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையில் தனியாக ஒரு சின்னப் போத்தலைத் திணித்து, "மொத மொதல்ல மெஷின்லருந்து சொட்டுனது. தலைக்கு வச்சுக்க, முடியப் பாரு தேங்காத் தும்பு மாதிரி" என்றாள். நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உறைந்த எண்ணெய் எல்லாமே வெள்ளைதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தேன். எண்ணெய் ஓரத்திலிருந்து இளகத் தொடங்கியது. இளகிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது.

 குளிர் இன்னும் போகவில்லை, கலங்கல் இருக்கிறது, அதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நன்றாகச் சூடாக்கி, தாளில் வடிகட்டி, குப்பியில் ஊற்றிப் பெட்டியில் வைத்தேன். கண்ணை வைத்தேன். வழக்கமாக நல்ல எண்ணெய்க்குப் போடும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டால் கோடு கத்தி வைத்தமாதிரி நின்றது. மஞ்சளைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். வழக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போன பிறகுதான் கோடு மறைந்தது. கண்ணை எடுத்து, சாம்பல் நிறத் தாளைக் கொஞ்சநேரம் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். அதே எண்தான்.

வெளியே அக்காவுக்குப் பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் போய் முதலாளியிடம் எண்ணைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து இளகிய போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதைப் பார்க்க எந்தப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை.

"கொப்பறாவக் கருக்கிட்டீங்களா தங்கச்சி?"

"இல்லீங்க மொதலாளி. ஒண்ணு ஒண்ணா பாத்துத்தாங்க போட்டேன்."

"அப்ப வேற எண்ணெய் ஏதும் சேத்தீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். முதலாளியை அவள் பார்க்கவே இல்லை. "நீயும் இதைத்தான் நெனைக்கிறியா?" என்றாள். நான் இல்லை என்று சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். "கூடப் பொறந்தவளே எண்ணெய் சரியில்லன்னு சொன்னப்புறம் எனக்கு இங்க என்ன பேச்சு" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவர். "லொறி இன்னிக்கு மொனராகலையிலருந்து வருது. அந்திக்கு வர்ற வழியில மெஷின ஏத்திக்கிட்டு வரச் சொல்லிட்டேன்" என்றார். மெஷின் போனால் அக்கா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். கங்காணி முன்னால் போய் நிற்க வேண்டும், பேரைத் திரும்பவும் பதியச் சொல்லி. அத்தனை பேர் பார்க்க.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பவும் பெட்டியில் கண்ணை வைத்தேன். இந்தத் தடவை எண்ணுக்காகப் பார்க்கவில்லை, வீம்புக்குத்தான் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மஞ்சளை இவ்வளவு கூட்டியிருக்கிறேன், சிவப்பு? சிவப்பில் நல்ல எண்ணெய்க்குப் போட்ட அதே துண்டுதான் இன்னும் நிற்கிறது. நான் அதைத் தொடவே இல்லை. கருகியிருந்தால் சிவப்பு ஏறியிருக்க வேண்டும். புகை பட்டிருந்தாலும் ஏறும். பாம் எண்ணெய் சேர்ந்திருந்தாலும் செக்கச்செவேலென்று ஏறும். எதுவுமே இல்லை. மஞ்சள் மட்டும் தனியாக ஏறி நிற்கிறது. தொழிற்சாலையில் இருந்த வருஷங்களிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அக்காமேல் இருந்த கவலையையும் மீறி எனக்குள் ஒரு குறுகுறுப்பு எழுந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

இருந்த எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தேன். கருகின கொப்பறா எண்ணெய், பழைய எண்ணெய், சந்தையில் வாங்கிய கலப்பட எண்ணெய். ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்றி இறக்கினேன். எதற்கும் சிவப்புக் கண்ணாடியைக் கூட்டாமல் கோடு மறையவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கையெல்லாம் எண்ணெய் ஆனதும் குப்பிகளைக் கழுவலாம் என்று தொட்டிக்குப் போனேன். காலையில் வடிகட்டிய தாள் அங்கேதான் கிடந்தது. சவுக்காரத்தை நுரைக்கத் தேய்த்தேன். நுரை அந்தத் தாளின்மேல் வழிந்தது.

தாளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பூத்தன.

 சவுக்காரம் பட்டால் சிவக்கிற மஞ்சள் கறை எது என்று தமிழ் வீட்டில் துணி துவைத்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழம்பு சிந்தின சட்டையைத் துவைக்கும்போது எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் ஓடினேன். வாடிக்கையாளர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"மொதலாளி, ஒங்க வெத்தலப் பொட்டிலருந்து கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க."

"நீ எப்பலருந்து வெத்தல போட ஆரம்பிச்ச?"

"குடுங்க மொதலாளி."

ஒரு கண்ணாடித் தம்ளரில் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தேன். அக்காவின் எண்ணெயை அதில் ஊற்றிக் குலுக்கினேன். முதலில் பால் மாதிரி வெளுத்தது. பிறகு எண்ணெயும் தண்ணீரும் பிரிய ஆரம்பித்த இடத்தில் மெல்லச் செம்மை ஓடியது. எட்டிப் பார்த்த முதலாளியம்மா, "என்ன புள்ள, ஆலாத்தி கரைக்கிற?" என்றார்.

"அதேதான்மா. இதுல மஞ்சள் இருக்கு. சமையல் மஞ்சள். வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.  இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

முதலாளி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மஞ்சளக் கலந்திருக்காங்க" என்றார் மெதுவாக. "பாம் எண்ணெய்ன்னா தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு விட்ரலாம். இது கலருக்குன்னே போட்டதுல்ல?"

நான் ஓடி வந்த வேகத்தில் இதை யோசிக்கவே இல்லை. அக்காவைக் காப்பாற்ற வந்து, அவளுக்கு எதிராக நானே சாட்சி சொல்லிவிட்டேன். "வெள்ளையா இருக்க வேண்டிய எண்ணெயில யாராவது மஞ்சளப் போடுவாங்களா, அவ என்ன பைத்தியமா?" என்று முதலாளி என்றும் பார்க்காமல் கத்தினேன். பிறகு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நாலைந்து தடவை எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தாள். பஸ் இரைச்சல் கேட்டது.

"எங்கக்கா இருக்க?"

"ஹப்புத்தளை தாண்டியாச்சு. என்ன, இன்னும் ஏதாச்சும் நம்பர் இருக்கா சொல்றதுக்கு?"

"அக்கா, கோவிக்காம சொல்லு. எண்ணெயில மஞ்சள் எப்படி வந்துச்சு?"

"மஞ்சளா? என் சமையக்கட்டு அங்கிட்டு இருக்கு, மெஷின் இங்கிட்டு இருக்கு. மஞ்சள் எப்படி வரும்?"

"எதுல வடிச்ச?"

"எதுல வடிப்பேன்? அம்மா குடுத்தாங்கள்ல, அந்தத் துணியிலதான்."

 நான் முதலாளியம்மாவைப் பார்த்தேன். அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணிய அலசிட்டுத்தானே வடிச்ச?" என்று கேட்டேன்.

"ஒனக்கென்ன கிறுக்கா? அந்தம்மா மனசார வாழ்த்தி வச்ச மஞ்சள். மங்களத்துக்கு வச்சத யாராச்சும் தண்ணியில அலசுவாங்களா? அப்படியே விரிச்சு நடுவுல எண்ணெய ஊத்தி வடிச்சேன்..." அதோடு சிக்னல் அறுந்துவிட்டது.

"நடுவுல நாந்தான் வச்சேன்" என்றார் முதலாளியம்மா. "நல்லா இருக்கட்டும்னு பெருசாவே வச்சேன்."

முதலாளி மனைவியையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பாரா கோபப்படுவாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் வியாபாரி. "சரி, மஞ்சள் நம்ம வீட்டு மஞ்சள்தான். அத விட்ருவோம். மஞ்சள் இல்லன்னா இந்த எண்ணெய் என்ன கலர்னு இப்ப எப்படித் தெரியும்? அடுத்த கேனு வரைக்கும் மச்சானுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கலந்த மஞ்சளை எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்க எனக்கு வழி தெரியாது. வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. லொறி இந்நேரம் வெல்லவாயவை விட்டுக் கொஸ்லந்தவுக்கு ஏறத் தொடங்கியிருக்கும்.

அப்போதுதான் என் பை ஞாபகம் வந்தது. மெஷினிலிருந்து மொத மொதல்ல சொட்டியது என்று அக்கா சொன்னாளே. துணி கட்டுவதற்கு முன்னால் எடுத்ததாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால்? நான் சின்னப் போத்தலை எடுத்துச் சுடுதண்ணீரில் வைத்தேன். இந்தத் தடவை முதலாளி, முதலாளியம்மா, கடைப் பையன்கள், எண்ணெய் வாங்க வந்து போகாமல் நின்ற இரண்டு பேர், எல்லோரும் என் அறை வாசலில்.  எண்ணெய் ஓரத்திலிருந்து இளகியது. இளகிய இடத்தில் தண்ணீர் மாதிரி தெளிந்து நின்றது.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதிக்கவில்லை. தாளில் வடிகட்டிக் குப்பியில் ஊற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"நான் பாக்க மாட்டேன். அப்புறம் சொந்தம்னு பாத்துச் சொல்லிட்டான்னு பேச்சு வரும். நீங்களே பாருங்க மொதலாளி."

அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கைகாட்டினார், மனைவியை. முதலாளியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்கம்மா. சவுக்காரம் போட்டு" என்றேன்.

மற்ற நாளாக இருந்திருந்தால் நான் நல்லா வாங்கிக் கட்டியிருப்பேன். அன்றைக்கு அவர் நேராகப் போய்க் கழுவினார். நுரை சிவந்து வழிந்ததை எல்லோரும் பார்த்தோம். திரும்பி வந்து குழாயில் கண்ணை வைத்தார். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடிகளை நான் தொடவில்லை.

"ரெண்டு பாதி தெரியுது. ஒண்ணு வெளுப்பா இருக்கு."

"மஞ்சளக் கூட்டுங்க."

"கூட்டிட்டேன். இன்னும் கோடு இருக்கு... இரு, இரு. பேசாத." அவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு துண்டை எடுத்து இன்னொன்றைச் செருகினார். பிறகு அப்படியே நின்றார். "எங்க புள்ள போச்சு அந்தக் கோடு?" என்றார். கண்ணை எடுக்க மனசில்லாமல் இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார்.

செருகியிருந்த கண்ணாடிகளின் எண்ணை முதலாளியே குனிந்து வாசித்தார். எங்கள் கடையில் நாங்கள் போத்தலில் அடைக்கும் எண்ணெயைவிடக் குறைவான எண். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு சட்டைப் பையில் போனைத் தேடினார்.

லொறி டிரைவர் எடுக்கவில்லை. கொஸ்லந்தப் பக்கம் சிக்னல் அப்படித்தான், மலைக்கு ஒரு பேச்சு பேசும். முதலாளி கடை வாசலுக்குப் போய் நின்று கூப்பிட்டார், ரோட்டுக்குப் போய் நின்று கூப்பிட்டார். எண்ணெய்க் கை என்றும் பார்க்காமல் நானும் என் போனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முதலாளியம்மா, "எடுக்கமாட்டானா, எடுக்கமாட்டானா" என்று எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் முதலாளியின் போனில் அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"மொதலாளி, மெஷின ஏத்தியாச்சுங்க. கயிறு கட்டிக்கிட்டு இருக்கேன். கட்டுனதும் கெளம்பிருவேன்."

"கயித்த அவுரு" என்றார் முதலாளி. "மெஷின எறக்கி எங்க இருந்துச்சோ அங்கேயே வையி. அந்தத் தங்கச்சி பக்கத்துல இருந்தா போனக் குடு."

அக்கா வந்தாள். முதலாளி என்னமோ சொல்லத் தொடங்கி, பாதியிலேயே போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சிவப்பு ஏறாததை, சவுக்கார நுரையை, சுண்ணாம்பை, முதலாளியம்மா பெட்டியில் கண் வைத்ததை.  அந்தப் பக்கம் இரும்பு தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"அக்கா, கேக்குதா? எண்ணெய் நல்ல எண்ணெய். நம்ம கடை எண்ணெய விட நல்லா இருக்கு. மெஷின் ஒன்கிட்டதான்."

"தலைக்குக் குடுத்தத பொட்டியில ஊத்திட்டியா?" என்றாள்.

"மிச்சம் இருக்கு."

"வச்சுக்க. இன்னிக்கே வச்சுக்க." பிறகு சொன்னாள்: "நாளைக்குப் பெரட்டுக்குப் போகணுமேன்னு கொழுந்துக் கூடைய எறக்கி ஒட்டடை தட்டி வச்சுட்டேன்டி. கங்காணிகிட்ட என்ன சொல்றதுன்னு பஸ்ஸுல வர்றப்ப வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன்."

 "கூடைய என்னக்கா செய்யப் போற?" என்று மட்டும் கேட்டேன்.

"தொடச்சது தொடச்சாச்சு" என்றாள். "காலையில அதுல கொப்பறா அள்ளிக்கிறேன்."